குதிகால் படாத பிள்ளை

லோகித் பெஞ்சை விட்டு மேலே எழும்பியது ஒரு செவ்வாய்க்கிழமை, தக்காளி வரத்து தாங்காமல் செம்மடைச்சந்தை மார்க்கெட்டுக்கு வந்த லாரிகள் பழநி சாலை வரைக்கும் வரிசை கட்டி நின்ற நாள், ஆகவே ஆச்சரியப்பட ஊரில் யாருக்கும் நேரமில்லை.

கையைக் கட்டு, வாயில் விரலை வை, ஆடாதே, அசையாதே என்று இரண்டாம் வகுப்பில் எல்லாருக்கும் சொல்வதைத்தான் அவனுக்கும் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து ஒரு நிமிஷம் அடங்கி உட்கார்ந்தறியாத பிள்ளை, குதிகால் தரையில் படாமல் நுனிக்காலாலேயே நடக்கிற பிள்ளை, சட்டைக் காலரில் தைத்த துணிச்சீட்டு கழுத்தில் உரசினால் கத்தி ஊரைக் கூட்டுகிற பிள்ளை, பென்சிலைப் பிடித்தால் ஒன்று எழுத்தே விழாமல் தடவுவான் அல்லது தாளோடு சேர்த்துக் கிழிப்பான் என்று பெயர் வாங்கிய பிள்ளை, அன்றைக்கு என்ன நினைத்தானோ, சொன்னபடி கேட்டான். கையைக் கட்டினான். விரலை வைத்தான். அசையாமல் இருந்தான். அசையாமல் இருந்தபடியே பெஞ்சிலிருந்து ஒரு சாண் கிளம்பி, ஒரு முழமாகி, கட்டிய கை கட்டியபடி மின்விசிறிக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றான்.

தலைமையாசிரியை சுகந்தி மிஸ், பள்ளிக்கூடத்தின் சொந்தக்காரியும் அவர்தான், லோகித்தின் அம்மா பாண்டீஸ்வரிக்குப் போன் போட்டார்.

"லோகித் அம்மா, உங்க பையன் பெஞ்சை விட்டு எந்திரிச்சிட்டான்."

"எந்திரிச்சா உக்கார வைங்க மிஸ். எனக்கு மண்டியில வேலை ஓடிக்கிட்டிருக்கு."

"கைக்கு எட்டலைங்க."

பாண்டீஸ்வரி வெங்காயத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடினாள். கரும்பலகைக் குச்சியால் அவனை ஜன்னல் பக்கம் தள்ளி, காலைப் பிடித்து இழுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் ஒன்றுமே இல்லாதது போலிருந்தது.

ஊர் என்பது எதையும் விழுங்கிவிடும். முதல் நாள் வாயு என்றார்கள், கஷாயம் கொடுத்தார்கள். மறுநாள் காளியம்மன் கோயில் பூசாரி விபூதி போட்டார். அதற்கு மறுநாள் டீக்கடையில் அந்தப் பேச்சே இல்லை. பிள்ளை மிதக்கிறான் என்பது பழகிப்போய், மிதக்கிற பிள்ளையால் நமக்கு என்ன ஆகும் என்ற யோசனை ஆரம்பித்தது. கல்யாண மண்டபத்துக்காரர் சீரியல் பல்பு மாட்ட அவனைக் கூட்டிப்போனார். கட்சிக்காரர்கள் கொடி கட்டக் கூட்டிப்போனார்கள், இரண்டு கட்சிக்காரர்களும்தான், அதில் மட்டும் அவர்களுக்குள் சண்டையே இல்லை. கேபிள்காரன் மொட்டை மாடிக்கு ஏறுவதையே விட்டுவிட்டான். வேலை முடிந்ததும் காலைப் பிடித்து இறக்கி, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்து அனுப்பினார்கள். அம்மாக்காரி மண்டியில், அப்பா ஜெயபால் குட்டி யானை வண்டியில் கேரளாவுக்குக் காய் ஏற்றிப் போகிறவன், கேட்க நாதியில்லை என்ற தைரியம். பாண்டீஸ்வரி ஒரு நாள் மண்டபத்து வாசலில் நின்று கத்திய கத்தலில் பந்தி பரிமாறுகிறவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டார்கள். அதோடு அது நின்றது.

பள்ளிக்கூடத்தில் அவனை நிறுத்தியது வேறு விதமாக.

மதியம் சோறு ஊட்டப் போனவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூட்டை கட்டுகிற நைலான் கயிற்றின் ஒரு முனை லோகித்தின் இடுப்பில், மறுமுனை ஜன்னல் கம்பியில். பிள்ளை நடுவில், தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக, கரும்பலகையைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தான். மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவனைப் பார்க்கவில்லை. பழகிவிட்டது.

"ஆட்டுக்குட்டியா மிஸ் அது?" என்றாள் பாண்டீஸ்வரி.

"ஃபேன் ஓடுதுங்க. தலைல பட்டா யாரு பதில் சொல்றது? அவன் பாதுகாப்புக்குத்தான் கட்டியிருக்கோம். உங்களுக்குப் புடிக்கலைன்னா டி.சி. வாங்கிக்கங்க. ஆண்டு விழாவுக்குள்ள அவன் தானா உக்காரணும், இல்லைன்னா நாங்க வச்சிக்க முடியாது."

பாண்டீஸ்வரி வீட்டுக்கு வந்து ஜெயபாலுக்குப் போன் போட்டாள். அவன் வண்டிச் சத்தத்துக்கு நடுவே, "கட்டுனா என்ன ஈஸ்வரி, பத்திரமா இருந்தா சரிதான" என்றான். போனை வைத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், பிள்ளை கட்டில்லாமல் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்திலோ, தெருவிலோ, எங்கேயோ, கட்டில்லாமல்.

யூனியன் ஆபீசுக்குப் பின்னால் பழைய விதைக் கிடங்கில் வியாழக்கிழமை தோறும் ஒரு தெரபி டீச்சர் வருகிறார் என்று சத்துணவு ஆயா சொன்னதைக் கேட்டு, அந்த வியாழக்கிழமையே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். டீச்சர் பெயர் ரெஜினா. சின்னப் பெண். அறையில் உத்திரத்திலிருந்து ஒரு ஊஞ்சல், பெரிய ரப்பர் பந்து, ஒரு டப் நிறைய மணல், துணி காயப்போடும் கிளிப்புகள், பிசைந்த கோதுமை மாவு. இதென்ன பால்வாடியா என்று பாண்டீஸ்வரிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஊரில் எல்லாரும் பிள்ளையைப் பார்த்ததும், எதை வைத்துக் கட்டுகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். ரெஜினா கேட்டது வேறு.

"எப்பலேர்ந்துக்கா நுனிக்கால்ல நடக்குறான்?"

"நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து டீச்சர். குதிகாலு மண்ணுல பட்டு நான் பாத்ததில்ல."

ரெஜினா கூரையோடு ஒட்டிக்கொண்டிருந்தவனை அண்ணாந்து பார்த்தாள். "அவன் ஒடம்பு எங்க இருக்குன்னு அவனுக்கே சரியாத் தெரியலக்கா. நாம கண்ண மூடுனாலும் கை இங்க இருக்கு, கால் இங்க இருக்குன்னு தெரியும்ல? தசையும் மூட்டும் உள்ளேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்கும். இவனுக்கு அந்தச் சத்தம் கம்மியா வருது. அதான் ஓடுறான், குதிக்கிறான், போய் மோதுறான். சத்தத்தக் கூட்டிக் கேக்கப் பாக்குறான். சேட்டை இல்ல அது."

"இப்ப ஏன் இப்படி மேல போறான்?"

"அசையாதன்னு சொல்லியிருக்காங்க. இருந்த கொஞ்சம் சத்தமும் நின்னுபோச்சு. அப்பறம் எதப் புடிச்சிக்கிட்டு தரையில நிப்பான்?"

பாண்டீஸ்வரிக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை, கோபம். இத்தனை வருஷம் வால், தறுதலை, செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்று சொன்ன ஒவ்வொரு வாயும் அவள் கண் முன்னால் வந்து போனது. அந்த வாய்களில் ஒன்று அவளுடையது.

ரெஜினா அவனை இழுத்து இறக்கி, ஜமுக்காளத்தில் சுருட்டி, "முட்டை வச்ச சப்பாத்தி ரெடி" என்று சொல்லி, ரப்பர் பந்தை மேலே உருட்டி அழுத்தினாள். தொட்டாலே கத்துகிற பிள்ளை கத்தவில்லை. இன்னும், இன்னும் என்றான். அவிழ்த்துவிட்டபோது மேலே போனான், ஆனால் கூரை வரைக்கும் போகவில்லை. பிறகு வாரா வாரம் வேலைதான். சுவரைத் தள்ளச் சொன்னாள். மணல் மூட்டையை இழுக்கச் சொன்னாள். நண்டு போலக் கையூன்றிப் போகச் சொன்னாள். மாவைப் பிசைந்து உருட்டச் சொன்னாள், கிளிப்பை விரலால் அமுக்கி மாட்டச் சொன்னாள், கடலை மிட்டாய் டப்பாவைக் கயிற்றால் முடிச்சுப் போட்டுக் கட்டி, அவிழ்த்தால் உனக்கு என்றாள். எல்லாவற்றையும் விளையாட்டு என்று நினைத்துச் செய்தான். வீட்டிலும் தண்ணீர்க் குடத்தைத் தள்ளினான், மடித்த பாயைத் தூக்கினான். ஒவ்வொரு வாரமும் ஒரு விரற்கடை இறங்கினான். விரற்கடை என்பது பார்க்கிறவர்களுக்குக் கண்ணில் படாது. பெற்றவளுக்குப் படும்.

ஆனால் ஊருக்குப் பொறுமை ஏது? கோயிலில் அரை மணி நேரம் வரிசையில் நிற்க முடியாத ஊர், ஒரு பிள்ளை விரற்கடை விரற்கடையாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்குமா? ஆண்டு விழா நெருங்க நெருங்க, கயிற்றோடு மேடையில் பிள்ளையை நிறுத்தினால் மாவட்டத்திலிருந்து வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சுகந்தி மிஸ் மார்க்கெட் சங்கத்தில் போய்ச் சொன்னார். சங்கத் தலைவர் தண்டபாணி, பாண்டீஸ்வரி வேலை பார்க்கிற மண்டிக்கு முதலாளி, நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தவர், உடனே ஒரு வழி சொன்னார். மார்க்கெட் ஊரில் எடைக்குப் பஞ்சமா? சில்லறைக் கடைக்காரர்கள் இன்னும் தட்டுத் தராசுதான் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு எடைக்கல் கொடுத்தால் பிள்ளை தரையில் நிற்பான், ஊருக்கும் புண்ணியம்.

அவ்வளவு பேர் தன் பிள்ளைக்காக மனசு வைத்தார்களே என்று பாண்டீஸ்வரி அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவளே காக்கித் துணியில் சுற்றிலும் பை வைத்து ஒரு சட்டை தைத்தாள். தக்காளிக்காரர் ஒன்று, கத்தரிக்காய்க்காரர் ஒன்று, முருங்கைக்காய்க்கார அம்மா ஒன்று என்று இரும்புக் கற்கள் வந்து விழுந்தன. கல்லில் பொறித்திருந்ததைக் கூட்டிப் பார்த்தால் பிள்ளையின் சொந்த எடையைத் தாண்டியது. மாட்டிவிட்டார்கள்.

பிள்ளை மிதந்தான்.

கொஞ்சம் தாழ்வாக, வலியோடு மிதந்தான். இரும்பு இடித்து இடுப்பில் கன்றிப்போயிற்று. "இவ்வளவு எடை போட்டும் நிக்க மாட்டேங்குறானே, பிடிவாதம்" என்றார்கள். ஊரே சேர்ந்து உதவி செய்தும் நன்றி கெட்ட பிள்ளை என்றார்கள். எல்லாக் கல்லும் சரியாக இருக்கும்போது தப்பு பிள்ளையிடம்தானே இருக்க வேண்டும்?

ரெஜினா அந்தச் சட்டையைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டாள். "யாருக்கா இத மாட்டுனது? அவன் மேல சுமத்துறது வேற, அவனாத் தூக்கிச் சுமக்கிறது வேற. அவனோட கை தள்ளணும், அவனோட தோள் இழுக்கணும். அப்பத்தான் உள்ள சத்தம் வரும். இது கயிறுதான். இரும்புல செஞ்ச கயிறு."

"சங்கத்துல சொன்னத மீறுனா மண்டியில எனக்கு வேலை இருக்காது டீச்சர்."

"நானும் வர்றேன். பேசலாம்."

சந்தையும் வியாழக்கிழமைதான். மார்க்கெட் நடுவில் மூட்டை நிறுக்கிற பெரிய மின் தராசு மேடைக்குப் பக்கத்தில் கூட்டம் நின்றது. தண்டபாணி டீச்சரை மரியாதையாகத்தான் வரவேற்றார்.

"ஏம்மா, நாங்க கெடுதலா செஞ்சோம்? எங்க கல்லுல குறையில்ல. வேணும்னா இங்கயே நிறுத்துக் காட்டிருவோம். அப்பறம் நீங்க சொல்லுங்க, குறை கல்லுலயா பிள்ளையிலயான்னு."

இந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் சொந்தக் கல்லை நிறுத்துக் காட்டுகிற தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். வருஷக்கணக்காகத் தங்கள் கல் சரியான கல் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிச் சொல்லி, அவர்களே அதைப் பாதி நம்பியிருந்தார்கள். ஒவ்வொருவரும் தான் மட்டும் தன் கல்லின் அடியில் இருக்கிற ஈயத்தைச் சுரண்டி உள்ளே குடைந்திருப்பதாகவும், மற்றவன் கல் யோக்கியமாக இருப்பதாகவும் நினைத்திருந்தார்கள். தன் குறை கூட்டத்தில் தெரியாது என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. லோகித்தை மேடையோரமாகப் பிடித்துக்கொண்டு, சட்டையைக் கழற்றி மேடையில் வைத்தார்கள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. பொறித்திருந்த எடையில் பாதியை விடக் கொஞ்சம்தான் மேலே.

முருங்கைக்காய்க்கார அம்மா முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டாள். பிறகு கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"பய மாட்டி மாட்டிக் கல்லையும் மெதக்கப் பழக்கிட்டான்யா."

உடனே எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஆமாம், அதுதான். பிள்ளையின் தோஷம் இரும்பில் ஏறிவிட்டது. நாளைக்குத் தராசையும் பிடிக்கும். இனிமேல் இவனை மார்க்கெட் பக்கமே விடக்கூடாது என்றார் கத்தரிக்காய்க்காரர். தண்டபாணி தலையாட்டினார். நிம்மதியில் சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

பாண்டீஸ்வரி இதற்கு மேல் பொறுக்கவில்லை. மேடையில் ஏறிச் சட்டையைத் தூக்கினாள். ஒவ்வொரு பையிலும் கையை விட்டு ஒவ்வொரு கல்லாக எடுத்து, கொடுத்தவர்கள் காலடியில் போட்டாள். வீசவில்லை, போட்டாள்.

"இந்தாங்க ஒங்க புண்ணியம். ஏழு வயசுப் பிள்ள இடுப்பு கன்னிப்போற அளவுக்கு ஒங்க திருட்டச் செமந்திருக்கான். அவனுக்கு எட கம்மின்னு ஊரு பூராச் சொன்னீங்களே, யாருக்குய்யா எட கம்மி? யாருக்கு?"

"ஈஸ்வரி, வார்த்தைய விடாத. நாளைக்கு மண்டிக்கு வரணும்" என்றார் தண்டபாணி.

"வரல மொதலாளி. அந்த வெங்காயத்தையும் நீங்களே பொறுக்குங்க."

இத்தனைக்கும் நடுவில் லோகித்தை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இரும்பும் இல்லை, கயிறும் இல்லை. அவன் தராசு மேடையோரத்திலிருந்து கிளம்பி, கூட்டத்தின் தலைக்கு மேலே, தகரக் கூரைக்கும் ஓரத்துத் திறந்த வானத்துக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தான். பாண்டீஸ்வரி கையை நீட்டினாள். எட்டவில்லை. "கயித்தக் கொண்டாங்கடா" என்று யாரோ கத்தினார்கள். கத்தினவன் நல்ல எண்ணத்தில்தான் கத்தினான், அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

ரெஜினா கயிற்றைத் தேடவில்லை. வெங்காய மூட்டை ஏற்றிய ஒரு தள்ளுவண்டியின் மேல் ஏறி, மூட்டைகளின் உச்சியில் நின்று, எட்டி அவன் விரலைத் தொட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"லோகு, இந்த வண்டி நகர மாட்டேங்குதுடா. தள்ளித் தர்றியா?"

அவன் யோசித்தான். அவன் யோசிக்கிற நேரம் முழுக்க மார்க்கெட்டே தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. பிறகு அவள் விரலைப் பிடித்து, கையைப் பிடித்து, மூட்டையைப் பிடித்து, சாக்குக்குச் சாக்கு தொற்றி இறங்கி வண்டியின் கைப்பிடியை எட்டிப் பிடித்தான். ரெஜினா இறங்கி ஒதுங்கினாள். அவன் கால் இரண்டும் பின்னால் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. தள்ளினான். வண்டி அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான். தோள் இறுகியது, முதுகு இறுகியது, முழங்கால் மடங்கியது, கால் மெல்லத் தாழ்ந்தது. கட்டைவிரல் சேற்றைத் தொட்டது. சக்கரம் ஒரு சுற்று உருண்டது.

"நகருதும்மா" என்றான் லோகித்.

மார்க்கெட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும், அழுகின தக்காளியும் வெங்காயச் சருகும் மிதிபட்ட சேற்றில், அவன் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். வியாபாரிகள் விலகி வழி விட்டார்கள். பின்னால் போன பாண்டீஸ்வரி அவனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே போனாள். முதலில் விரல் தடம் மட்டும் இருந்தது. கொஞ்ச தூரத்தில் பாதத்தின் முன்பாதி பதிந்தது. உருளைக்கிழங்குக் கடை தாண்டியதும் சேற்றில் முழுப் பாதம், பின்னால் உருண்டையாக ஒரு குழி. குதிகால். அவள் அந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்த்தாள். அதில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் சுகந்தி மிஸ்ஸே போன் செய்தார். கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோஷம், இனிமேல் தாராளமாக அனுப்புங்கள் என்றார். பாண்டீஸ்வரி பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். பொத்தானை அவனே போட்டான், நேரம் எடுத்துப் போட்டான், ஒன்று மாறிப் போயிற்று, மறுபடி போட்டான். பையைத் தோளில் மாட்டியதும் வாசலில் நின்றுவிட்டான்.

"கயிறு?" என்றான்.

ஒரே வார்த்தை. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

வகுப்பில் கயிறு அப்படியே இருந்தது. ஜன்னல் கம்பியில், அத்தனை நாள் பிள்ளை மேலே இழுத்த இழுப்பில் முடிச்சு கல்லாக இறுகி. "ஆயாகிட்டச் சொல்லி கயித்த வெட்டிடறேன்" என்று சுகந்தி மிஸ் கத்திரிக்கோலைத் தேடினார்.

"வேணாம் மிஸ். கட்டுனது கையாலதான. நீங்களே அவுருங்க."

பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகந்தி மிஸ் முடிச்சைத் திருகினார், இழுத்தார், நகம் ஒடிந்தது. "வராதுங்க" என்றார். அப்போது லோகித் பையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனான். இரண்டு கையாலும் முடிச்சைப் பிடித்துப் பிசைந்தான், மாவைப் பிசைகிற மாதிரி. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிளிப்பு போல வைத்து அமுக்கினான். வழுக்கியது. மறுபடி அமுக்கினான். மணி அடித்து முதல் பாடவேளை தொடங்கிவிட்டது, வகுப்பு டீச்சர் வாசலில் வந்து நின்றுவிட்டார். பாண்டீஸ்வரி உதவிக்குப் போகத் துடித்த தன் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள். அவன் நாக்கை ஓரத்தில் துருத்திக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஒரு இழையை நெகிழ்த்தி, அதன் வழியாக அடுத்ததை இழுத்து, அடுத்ததையும் இழுத்தான். கயிறு தரையில் விழுந்தது.

அதை எடுத்துச் சுருட்டி, "இந்தாங்க மிஸ்" என்று அவர் கையில் கொடுத்துவிட்டு, தன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். காலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தான். ஆடாதே என்று யாரும் சொல்லவில்லை.

சுகந்தி மிஸ் கயிற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். வாசல் வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இனிமே பறக்க மாட்டான்ல?"

"பறப்பான் மிஸ்" என்றாள் பாண்டீஸ்வரி. "சில நாளு பறப்பான். அன்னைக்கி ரெண்டு பெஞ்சத் தள்ளச் சொல்லுங்க, எறங்கிருவான். கட்டுனீங்கன்னா, நான் வருவேன்."